நான் கேட்காமல் விட்ட கேள்வி

என் மேசைமேல் ஒரு மர நாடா கிடக்கிறது. தறியில் ஊடைநூலைச் சுமந்துகொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற கட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துத் தடவிப் பார்த்து, நல்ல வழவழப்பு என்கிறார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை.

எழுபதுகளில் குமாரபாளையத்துக்குக் காசநோய் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு நர்சம்மா வந்திருந்தார். தன் ஊரில் அந்த நோயைப் புத்தகத்தில்தான் அதிகம் பார்த்ததாகச் சொல்வார். இங்கே தெருவுக்குத் தெரு பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை, நடுவே குழித்தறி, மூலையில் அடுப்பு, தரையில் இருமல். அவருக்கு மொழிபெயர்க்க என்னை வைத்திருந்தார்கள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்து இங்கிலீஷ் படித்தவள் என்பதால் கிடைத்த வேலை. தலைக்கனமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

காவிரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் மாமாவுக்கு நோய். அவரையும் அவர் மனைவியையும் மாமா, அக்கா என்று நான்தான் முறை வைத்துக்கொண்டேன். மாமா படுத்துவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் ஊசி போட்டுக்கொண்டே நெய்தார். அவருக்கு மூச்சு வாங்கினால் அக்கா குழிக்குள் இறங்கி நெய்வார். அவருக்கும் தொற்றிவிடக் கூடாதே என்று நர்சம்மா தலையால் தண்ணீர் குடித்தார். தனித் தட்டு, தனிப் பாய். மாமாவின் டம்ளருக்கு அக்கா சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்.

"அவரு டம்ளரு பக்கமே போறதில்லீங்க சாமி. தனியாத்தான் கழுவி வெக்கறனுங்க."

இருவரும் வாய் வைக்கிற பொருள் வேறு ஏதாவது உண்டா, கேள் என்றார் நர்சம்மா. நான் அக்காவைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில், இல்லை என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

ஊடைநூல் சுற்றிய சின்னக் குச்சிக்குத் தார் என்று பெயர். அதில் நூல் தீர்ந்தால் நாடாவுக்குள் புதுத் தாரைப் பொருத்த வேண்டும். நூல்நுனி அந்தத் துளை வழியே வெளியே வர வேண்டும். துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் வந்துவிடும். நாள் முழுக்க இதே வேலைதான். ஏழு வயதிலிருந்து நானும் உறிஞ்சியிருக்கிறேன். மூச்சு விடுவதுபோலப் பழகிப்போனதை யாராவது வாய் வைப்பதாக எண்ணுவார்களா? எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆறேழு மாதத்தில் அக்காவின் சளியில் ரத்தம் கண்டது. நாங்கள் போனபோது மாமா தறியில் இருந்தார். தார் மாற்றி, நாடாவை வாய்க்குக் கொண்டுபோனார். நர்சம்மா அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் நெசவுக்கார வீட்டுப் பெண்தானே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே வீடு வீடாக நூல் இழுக்கக் கம்பிக் கொக்கி கொடுத்தார். அக்காவுக்கு மருந்து கேட்கவில்லை. ஏற்கெனவே பாதி வயிற்றுக்கு உண்டு தேய்ந்த உடம்பு. கடைசியாகப் பார்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பவோ டம்ளர மாத்திக் குடிச்சுப்போட்டனாட்ட இருக்குதுங்க சாமி. நர்சம்மா அத்தன சொல்லியும் நான் சூதானமா இல்லாமப் போயிட்டனுங்க."

இல்லை அக்கா, தப்பு என்னுடையது என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். நாலாம் நாள் போய்விட்டார். ஒரே அறையின் காற்றே போதும், நாடாவால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு தேறப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். சில வருஷம் கழித்துத் தறியை விற்றபோது இந்த நாடாவை என்னிடம் கொண்டுவந்தார். "அவ கையி பட்டதுங்க அம்மிணி. ஊட்டுல வெச்சுப் பாக்க முடியல. நீங்க வெச்சுக்குங்க." அவரிடமும் நான் சொல்லவில்லை.

வாரம் ஒருமுறை தூசு துடைக்க எடுப்பேன். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. துளை முகத்துக்கு நேரே வந்தால் இன்றும் என் உதடு தானாகக் குவிகிறது.