ஐந்து மணி ஆமை

“…கவுந்தா கவுந்துட்டுப் போவட்டும்ணா, வானம் தெரியுதுல்ல?” என்று அத்தை அப்பாவைப் பார்த்துச் சொன்னபோது எனக்கு வயது ஒன்பது. வாசலில் சிதம்பரத்துக்காரர்களின் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. கூடத்தில் பெரியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நானும் தம்பியும் டி.வி.க்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தோம். நடந்தது விளங்க வேண்டுமென்றால் ஆமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லும் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். படிப்பு பத்தாவதோடு சரி. அதற்கப்புறம் எனக்குப் பாடம் நடத்தியவர்களெல்லாம் பஸ்ஸிலும் மீன் மார்க்கெட்டிலும் இருந்தவர்கள்தான். சிதம்பரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், “எடம் இருக்குன்னு நெனச்சா எடம் இருக்கும், உள்ள போ” என்பார். போனால் இருக்கும். இப்படி நான் சேர்த்து வைத்தவற்றில் முதலாவது ஒரு பொம்மைப்பட ஆமை சொன்னது. கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். நீங்களும் சிரியுங்கள். கனத்த புத்தகங்களிலிருந்து வாழ வழி எடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அத்தையின் முகத்தில் இருக்கிற தெளிச்சி அவர்களில் யாரிடமும் இல்லை. இன்று அவள் சிதம்பரத்தில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கடைப் பலகையில் பச்சை நிறத்தில் ஓர் ஆமை மல்லாந்து கிடக்கும். விளங்காது என்று சொன்னவர்கள் மதியம் இலைக்காகக் காத்து நிற்கிறார்கள்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அத்தைக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தவர். பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். பையனுக்கு வேறு இடம் பிடித்துவிட்டது என்றார். போகும்போது, நிச்சயத்துக்கு அவர்கள் எடுத்துக் கொடுத்த புடவையைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான் அத்தை. கூப்பிட்டால் எழுந்து வந்து சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், மறுபடியும் சுவர். தெருவே வந்து ஆறுதல் சொல்லியது. ஆறுதல் சொல்லச் சொல்ல அவள் இன்னும் கொஞ்சம் சுவரோரம் நகர்ந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்களுக்கு ஆமைப் படம். எந்த தேசத்தில் எடுத்ததோ, தமிழில் பேசியது. கதையெல்லாம் ஒரே கதைதான். யாராவது ஆமையைக் கவிழ்த்துவிடுவார்கள். ஒருநாள் நரி, ஒருநாள் தள்ளுவண்டி. ஒருநாள் தன் தும்மலாலேயே கவிழ்ந்துகொண்டது. மல்லாந்து கிடந்து நாலு காலையும் ஆட்டும். அப்புறம் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, ஜலதோஷம் பிடித்த குரலில், “கவுந்தா என்ன? வானம் தெரியுதே!” என்னும். அந்த மேகம் இட்லி மாதிரி இருக்கிறது, இந்த மேகம் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்று ரசித்து முடித்த பிறகுதான் நிமிர்வதற்கு வழி தேடும்.

தும்மல் கதையன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். அத்தை இந்தப் பக்கம் புரண்டு படுத்திருந்தாள்.

“ஏண்டா, அது அழுவவே அழுவாதா?”

“அதுக்கு மேகம் பாக்கவே நேரம் பத்தாது அத்தை” என்றான் தம்பி.

மறுநாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு ஆமையின் வசனம் வீட்டில் எல்லாவற்றுக்கும் புழங்கத் தொடங்கியது. சோறு அடிப்பிடித்தால், “காந்துனா என்ன? கூட்டா ரெண்டு வாசன வருதே!” கரண்டு போனால், “போனா என்ன? கொசு யாரு யாரக் கடிக்குதுன்னு தெரியாதே!” அம்மா முதலில் முறைத்தாள், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காயப்போட்ட கருவாடு மழையில் நனைந்த அன்று அம்மாவே, “நனைஞ்சா என்ன?” என்று ஆரம்பித்துவிட்டு மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் அத்தையைப் பார்த்தாள்.

தெருவுக்கு இது பிடிக்கவில்லை. நிச்சயம் நின்றுபோன பெண் அழுதால் அதற்கொரு மரியாதை உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பொம்மைப்படம் பார்த்துச் சிரித்தால் அதற்கு என்ன பேர் வைப்பது? பக்கத்து வீட்டிலேயே இருந்த பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணி, பேர் வைத்தாள். பீடை பிடித்துவிட்டதாம். பார்த்தது ஆமையாம்.

எங்கள் ஆட்கள் வலையில் ஆமை சிக்கினால் வலையை அறுத்தாவது கடலிலேயே விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் தழைக்காது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இங்கேயோ தினமும் ஐந்து மணிக்கு, நடுக்கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது. இது வர ஆரம்பித்த பிறகுதான் நிச்சயம் நின்றது என்று பெரியம்மா கணக்குப் போட்டாள்.

“அப்ப டி.வி.ல புலி வந்தா கடிக்குமா அண்ணி?” என்றாள் அத்தை.

“புலிய விடு. ஆமை படத்துல வந்தாலும் வந்ததுதான். பூசாரியக் கேட்டுட்டுத்தான் வந்து சொல்றேன்.”

“பெருமாளே ஆமையா வந்தாராமே?”

“வந்தவரு கோயிலோட நின்னுட்டாரு. ஊட்டுக்குள்ளயா வந்தாரு?”

இதைக் கேட்டு அத்தை சிரித்துவிட்டாள், அது பெரியம்மாவை இன்னும் சூடாக்கியது. ஐந்து மணிக்கு டி.வி.யை நிறுத்த வேண்டும் என்று அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தாள். அப்பா கடலுக்குப் போனால் நாங்கள் போட்டுவிடுவோம்.

இப்படி ஒரு வருஷம்போல ஓடியிருக்கும். சிதம்பரத்திலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. பையனுக்குப் பிடித்த அந்த இடம் சரிப்பட்டு வரவில்லையாம். நடந்ததை மறந்துவிட்டுப் பழைய சம்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாமாம். பெரியம்மா அப்போதே அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள். அப்பா, ஒரு சுமையை இறக்கி வைத்தவர் போல, சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அத்தை, “எனக்கு வேணாம்ணா” என்றாள். அவர் சாப்பிடும்போது சொன்னாள், வலை பின்னும்போது போய் நின்று சொன்னாள். மீன் ஆய்ந்துகொண்டே அம்மாவிடம் சொன்னாள். வாய்திறந்து, தமிழில்தான் சொன்னாள். “ஆம்பளைங்க பேசிட்டோம்மா. வாக்கு குடுத்தாச்சு” என்று அப்பா எழுந்து போனார். அவரும் கெட்டவர் இல்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கையை யார் பார்ப்பார்கள் என்ற பயம் கடலுக்குப் போகிற எல்லோருக்கும் உண்டு.

நல்ல நேரம் நாலரைக்கு மேல். வேனில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா காலையிலேயே டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கி, அதன்மேல் ஒரு போர்வையையும் போட்டு மூடியிருந்தாள். அந்த மூட்டைக்குப் பக்கத்தில் நானும் தம்பியும் புதுத் துணியோடு உட்கார வைக்கப்பட்டோம். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. எங்களுக்கு அப்புறம்தான் என்றார்கள். நடுவில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம், அதன்மேல் புடவை. போன தடவை திருப்பி வாங்கிப் போனார்களே, அதே அரக்குச் சிவப்புப் புடவை. மடிப்புக்கூட மாறவில்லை.

அத்தை வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, “பழசெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. யாரு இப்புடித் திரும்பி வருவாங்க? ஒன் நல்லதுக்குத்தான் வந்துருக்கோம்” என்றார். அத்தை அந்தப் புடவையைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தட்டு மாற்றுவதற்காக அப்பா தாம்பாளத்தில் கைவைத்தார். அந்த அம்மாளும் கையை நீட்டினார். “ஒரு நிமிஷம்” என்று அத்தை நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, போர்வையை உருவித் தரையில் போட்டாள். பிளக்கைச் செருகினாள்.

பழைய டி.வி. படம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிடும். “கவுந்தா என்ன?” என்றது ஜலதோஷக் குரல். அப்புறம் மெல்லத் திரை முழுக்கப் பச்சையாக, நாலு காலையும் ஆட்டிக்கொண்டு, ஆமை.

நீட்டிய கையை அந்த அம்மாள் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டார். “தட்டு மாத்துற நேரத்துல ஊட்டுக்குள்ள ஆமையா?”

“அது சும்மா படங்க. படத்துல வந்தா கணக்கு இல்லீங்க” என்று பதறினாள் பெரியம்மா.

“அண்ணி, நீங்கதான சொன்னீங்க?” என்றாள் அத்தை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல அவ்வளவு பதவிசாக. “படத்துல வந்தாலும் வந்ததுதான்னு? பூசாரியே சொல்லிட்டாருன்னு?”

 சிதம்பரத்துக்காரர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அந்த அம்மாள் எழுந்தார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள். இந்தத் தடவையும் புடவையை மறக்கவில்லை.

அப்பா கையை ஓங்கவில்லை.  “மொத்தமா கவுத்துட்டியேம்மா குடும்பத்த.”

அதற்குத்தான் அத்தை, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பதிலைச் சொன்னாள்.

எனக்கு அவள்மேல் பெரிய பரிதாபம். ஐந்து மணியானால் இந்தப் பிள்ளைகள் ஏங்குமே என்று, அவ்வளவு பெரியவர்களுக்கு நடுவில் எழுந்து வந்து எங்களுக்காகப் படம் போட்டுவிட்டாள், அதனால் நல்ல சம்பந்தம் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சில்லென்று நனைந்திருந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் போயிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

“பரவால்ல அத்தை. நாங்க நாளைக்கிப் பாத்துருப்போம்ல” என்றேன்.

அத்தை என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிதம்பரத்துக்காரர்கள் தொடாமல் விட்டுப்போன கேசரித் தட்டை எடுத்து வந்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, எட்டி, டி.வி.யின் சத்தத்தைத் தெருவுக்கே கேட்கும்படி கூட்டி வைத்தாள்.