பிளாஸ்டரில் எழுதியது

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தேன். என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஒல்லியானவள். தூக்கம் கெட்ட கண்கள். ஊசி போடும்போதும் படுக்கை விரிக்கும்போதும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

"ஏம்மா, யாரைத் திட்டுற? என்னையா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லம்மா. இங்கிலீஷ். ஒருத்தி போனா 'கோஸ்', நாலு பேரு போனா 'கோ'. நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை. ரெண்டு தடவ இதுலயே கோட்டை விட்டேன்."

"நாமளும்தான் போனா, போனாங்கன்னு பேசுறோம். அதுக்கெல்லாமா பரீட்சை?"

சிரித்தவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். "இதுதான் கடைசிம்மா. இதுக்கு மேல வயசு இல்ல. ஆத்துல தண்ணி வராம மூணு வருஷமா குறுவை நெல்லு போச்சு. வீட்டுல எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க."

பேசியபடியே என் கையில் குத்தியிருந்த சலைன் ஊசியின்மேல் புது பிளாஸ்டர் ஒட்டி, அதில் பேனாவால் எழுதினாள். சற்று நேரத்தில் வந்த பெரிய டாக்டர் அதைப் பார்த்தார்.

"தேதி எங்க? இது என்ன கிறுக்கல்?"

ஊசி போட்ட தேதிக்குப் பதில் அந்த இங்கிலீஷ் பாடத்தை எழுதியிருந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றேன். என் பெயரைத் தவிர எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"அப்படியா? படிங்க பாப்போம்."

காலையிலிருந்து காதில் விழுந்ததைத் தலை நிமிர்ந்து சொன்னேன். "ஷி கோஸ். தே கோ."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் பரீட்சைக்குப் போனாள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். தேறினாளா, தெரியாது. அரிசி களையும்போது அந்த வரி தானாக வாயில் வரும்.

"யாரைத் திட்டுறீங்க அத்தை?" என்பாள் மருமகள்.