இரண்டு தட்டிலும் ஒரே கேக்

சீனியும் மாஜரினும் மரக்கரண்டியோடு மல்லுக்கட்டுகிற 'சரக் சரக்' சத்தம்தான் எங்கள் ஒழுங்கையில் முதலில் கேட்கும். கேக் பிறகுதான் கண்ணில் படும். பகல் வெக்கையில் மாஜரின் உருகிவிடும் என்பதால் இது ராவேலை. ஒருவரும் பழக்கித் தரவில்லை. கருகினதையும் அமுங்கினதையும் தின்று தின்றே பழகினனான். ஒரு வாய்க்குள் அடங்குகிற துண்டுகளாக வெட்டிக் கொடுப்பேன். உழைப்பு உங்களுடையது, பேர் இன்னொருவருடையது என்று காலம் தள்ளுகிறவர் நீங்கள் என்றால், மிச்சக் கதை உங்களுக்கு விளங்கும்.

விடிய எழும்பி அடித்தது

என்னிடம் கேக் எடுக்கிற பெண்கள் அதைத் தாங்களே செய்ததாகத்தான் சொல்வார்கள். குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அவர்கள் எந்த நேரம் முட்டை அடிப்பது?

துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவரின் வீட்டில் பிறந்தநாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாலு பேருக்கு முன்னால் அவருடைய மனைவி தட்டை நீட்டினா. முதல்நாள் நான் வெட்டிக் கொடுத்த அதே துண்டுகள். நான் தயங்கினேன். அவ சொன்னா:

"எடுங்கோ தம்பி, வெட்கப்படாதேங்கோ. விடிய எழும்பி நான் அடிச்சது."

இரண்டு சத்தியம்

கோதுமை மாவுக்கு வரிசையில் நின்ற காலம். ரவையில்தான் கேக். உப்புவெளிப் பூமணியக்கா வந்தா. மகள் தவத்தைப் பொம்பிளை பார்க்க வருகிறார்களாம். முன்னே வந்த இரண்டு இடமும் தட்டிப்போனதில் பிள்ளை சிரிப்பதையே விட்டுவிட்டாளாம். கேக் தவம் செய்தது என்று சொல்லப்போகிறாவாம், நான் மூச்சு விடக்கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனா.

பின்னேரம் நிலாவெளி மங்கையக்கா வந்தா. மகனுக்குப் பெண் பார்க்க உப்புவெளிக்குப் போகிறார்களாம். அதே நாள், அதே வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே கேக் போனால் இரண்டு பேரும் பொய்க்காரர். அந்தப் பிள்ளையின் கதியும் அதோடு சரி. கடையில் பிஸ்கட் வாங்கிப் போகலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவ கேட்கவில்லை.

"வீட்டுப் பலகாரம் எண்டால்தான் மதிப்பு. நான் செய்ததெண்டே இருக்கட்டும். நீங்கள் வாய் திறக்கப்படாது, சத்தியம் பண்ணுங்கோ."

தவம் சொன்னது

என்னால் ஆனதைச் செய்தேன். ஒன்றைச் சதுரமாக வெட்டிக் கஜுப் பருப்பு வைத்தேன். மற்றதைச் சாய்வாக வெட்டி முந்திரிகை வற்றல், காய்ந்த திராட்சைதான், வைத்தேன். ஆனால் கை ஒன்றுதானே.

நடந்ததை அடுத்தநாள் பூமணியக்கா வந்து சொன்னா. இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. மங்கையக்கா ஒரு துண்டை வாயில் வைத்தா, மெல்லுவதை நிறுத்தினா. பூமணியக்கா மற்றதில் ஒன்றை எடுத்தா, அவவும் நிறுத்தினா. கடைசியில் மங்கையக்கா, பிள்ளை, இது நீ செய்ததோ என்று கேட்டிருக்கிறா. தவம் இரண்டிலும் ஒவ்வொன்று தின்று பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

"இல்லை மாமி. நீங்கள் கொண்டந்ததும் இதும் ஒரே குசினியில வெந்தமாதிரிக் கிடக்கு. தேத்தண்ணி மட்டும் நான் போட்டது."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பொடியன்தானாம்.

சம்பந்திகள்

நான் கேக் தட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு அக்காமாரும் சேர்ந்து வந்தார்கள், கேக் எடுக்கிற ஒருவரும் வராத முன்கதவால். நாள் வைத்தாகிவிட்டது. மங்கையக்காதான் கதைத்தா:

"கலியாணத்துக்கும் நீங்கள்தான் அடிக்கவேணும் தம்பி. இந்த முறை ஆர் செய்ததெண்டு சொல்லுறது எண்டதை நாங்கள் ரெண்டு பேரும் முதலே கதைச்சுப்போட்டு வாறம்."

ஊருக்கெல்லாம் சம்பந்தம் பேசப் போய்வருகிற கேக்கைச் செய்கிறவனுக்கு செய்தவன் என்ற பேர் வராவிட்டாலும் ஒரு கலியாணத்திலாவது விருந்தாளி என்ற பேர் கிடைத்தால் பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு, தேங்காய்ப் பொச்சைச் சாம்பலில் தொட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டைத் தேய்க்கத் தொடங்கினேன்.