குப்பை அரைத்த தொட்டி

வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள் உம்மு குல்சும். புருஷன் மௌத்தான பிறகு அடுப்படியும் கல்லாவும் அவள் கையில்தான். கடைக்குப் பின்னால் குவிந்த குப்பைதான் தீராத தலைவலி. காக்கையும் நாயும் கிளறிப்போட, நாற்றம் பிளாட்பாரம் வரை போயிற்று. "அடுத்த தடவையும் இப்படி இருந்தா கடையை மூடிடுவேன்" என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். எல்லாரும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடித்துக்கொள்ள, அவள் பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்றை எடுத்தாள். அதன் அடியில் மின்சார யந்திரம். தோலோ மிச்சச் சோறோ, கூழாக அரைத்துத் தண்ணீரோடு தள்ளிவிடும். கூழ் போய்ச்சேர ஆழமாகக் குழி வெட்டி மூடிவைத்தாள்.

"குப்பைக்கு ஒரு மிஷினா மதினி? ஊரே சிரிக்குது" என்றான் கொழுந்தன் பாவா.

"சிரிக்கட்டும். பசிச்சா இங்கதான வரணும்!"

சில மாதத்தில் யந்திரம் உறுமியது, சுற்றவில்லை. பாவா டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். தகடெல்லாம் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு ஓடு. அவள் கிணறு வெட்டியது சுண்ணாம்புப் பாறையில். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு லேசில் வேகாது.

"பழைய இரும்புக்குப் போட்டிருங்க மதினி."

"தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தல்லயும் இதே ஓடுதான் கட்டுது. கேத்தலையா தூக்கிப் போட்டேன்?"

வயரைக் கழற்றச் சொன்னாள். வடிகாலை அடைத்து, ஓடு இளக, ஊறுகாய்க்கு விடும் வினாகிரியைச் சுடவைத்துத் தொட்டிக்குள் ஊற்றினாள். மறுநாள் விறகுக்கட்டையை உள்ளே விட்டு முழு பலத்தோடு நெம்பினாள். முதலில் அசையவில்லை. கை சிவந்தது. அப்புறம் 'கரக்'கென்று ஓடு உடைந்து தகடு சுழன்றது. பாவா வயரைத் திரும்ப மாட்டினான். அன்று முதல் அந்தத் தொட்டிக்குக் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர்தான். மாதாமாதம் வினாகிரிக் குளியலும் உண்டு.

பரிசோதகர் மறுபடி வந்தார். நேரே பின்பக்கம் போனார். கூட்டிய தரை, ஒரு காக்கைகூட இல்லை.

"குப்பை எங்கம்மா?"

ஒரு தட்டு மிச்சத்தைத் தொட்டியில் வழித்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள் அவள். கடகடவென்று இழுத்துக்கொண்டது. அவர் குனிந்து பார்த்து, அடக்கமுடியாமல் சிரித்தார்.

"தலவாக்கலைக் கடைக்காரங்களை அனுப்புறேன். வந்து பார்க்கட்டும்."

"வரச்சொல்லுங்க ஐயா," முக்காட்டைச் சரிசெய்தபடி நிமிர்ந்து நின்றாள் உம்மு குல்சும். "பகல் சாப்பாட்டு நேரம் மட்டும் வேணாம். அப்ப எனக்குக் கடையில கூட்டம்."