சகலையின் பலூன் மட்டும் ஏன் தொங்கவில்லை

என் பெண்டாட்டியின் அக்காள் புருஷன் சின்னக்கண்ணுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். வடக்கனந்தலில் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் கையால் தினம் சுடுசோறு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் கேஸ் பலூன் விற்கத் தொடங்கிய அடுத்த மாசமே அவனும் நூலைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றான். பாவி!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் காலையில் ரொப்பிய என் பலூன்கள் சாயங்காலம் தலை தொங்கிவிடும். அவனுடையவை மட்டும் விறைப்பாக நிற்கும். கேட்டால், "கைராசி, சகலை" என்று பல்லைக் காட்டுவான். என் பலூனுக்கு முடிச்சுப் போடுவது என் மனைவி இருசம்மாள்; அவனுக்கு அவள் அக்காள் குஞ்சம்மாள். என் ஆத்திரமெல்லாம் இருசம்மாள் மேல் பாய்ந்தது.

"உங்க அக்கா முடிச்சப் பாரு! நீ போடுறதும் ஒரு முடிச்சா?"

தினமும் இதே பாட்டு. ஒரு நாள் துணியைச் சுருட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அது எண்பத்தேழு, செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸில் வந்த சின்னக்கண்ணு ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொண்டான். சாயங்காலம் பார்த்தால் அவன் பலூன்களும் தலை தொங்கிக் கிடந்தன. அடடா, எனக்கு வந்த சந்தோஷம்!

"இன்னா சகலை, கைராசி எங்க போச்சு?"

"கைராசியாவது ஒண்ணாவது! ரப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க ஜாஸ்தி. கேஸு ரொம்பப் பொடிசு, தோல் வழியாவே கசிஞ்சு பூடும். நான் மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்குப் போவறப்ப புதுசா ரொப்பிக்கினு வருவேன். இன்னிக்குப் போவ முடியல."

நான் நம்பவில்லை. இருசம்மாள் கட்டி, பாதி கேஸோடு தொங்கிக்கொண்டிருந்த பழைய பலூன் ஒன்றின் முடிச்சை டீக்கடைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

உடனே நடந்தாவது போயிருக்க வேண்டும். வறட்டுக் கௌரவம் விடவில்லை. மறியல் முடிந்து பஸ் ஓடிய அன்றுதான் வடக்கனந்தல் போனேன். அக்காளும் தங்கையும் வாசலில் உட்கார்ந்து சின்னக்கண்ணுவின் பலூன்களுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன் முடிச்சு மேல தப்பில்ல, வா வூட்டுக்கு" என்றேன்.

இருசம்மாள் தலை தூக்கவில்லை.

"அக்கா புருஷன் கிட்ட கத்துக்கினு வந்து சொல்றியா? இதையே நான் தெனம் சொன்னப்ப உன் காது எங்க போச்சு?"