கிழக்குச் சுவர்

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கல்குழி. எந்த ஊர், எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர் என்பதை இங்கே எழுதமாட்டேன். முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு முறை எழுதினேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே கல் உடைப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. குழியின் ஒரு மூலையில் பச்சைத் தண்ணீர், விளிம்பெங்கும் சீமைக்கருவேலம். ஒரு சுவரில், மூன்று ஆள் உயரத்தில், பாய் அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. இரண்டு குஞ்சுகள். அழுக்குப் பஞ்சு நிறம், ஆரஞ்சுக் கண்கள். அந்தப் பக்கத்தில் அதைக் கோட்டான் என்பார்கள்.

காட்டியவர் அங்கே ஆடு மேய்க்கும் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பஞ்சுருட்டான் குருவிகளை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, இந்தச் சிட்டாங்குருவியப் பாக்கவா இத்தாம் பெரிய கொழாய்?"

"ஆமாங்கம்மா."

"வெலைக்குப் போவுமுங்களா?"

"போகாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க சாமி வெயில்ல காயறீங்க?"

நான் நாலைந்து முறை போய் வந்த பிறகு ஒரு நாள் அவராகவே குழியின் மேற்கு விளிம்புக்குக் கூட்டிப் போனார். எதிர்ச்சுவரைக் கையால் காட்டாமல் தாடையால் காட்டினார். "யாருகிட்டயும் சொல்லீராதீங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி அமாவாசைக்கு நாலு நாள் இருக்கையில சாக்கோட வந்தானுங்க. குஞ்சு, தாயி எல்லாத்தையும் அள்ளீட்டுப் போயிட்டானுங்க. மந்திரம் பண்றவனுக்கு விக்கறதுக்கு." சொல்லமாட்டேன் என்றேன். குஞ்சுகள் நன்றாக இருந்தால் வாரம் ஒரு மிஸ்டு கால் கொடுப்பதாக அவர் ஒத்துக்கொண்டார். வாங்கிக்கொண்ட எண்ணை நான் பெயர் இல்லாமல், ஒரு புள்ளி மட்டும் வைத்துச் சேமித்தேன். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன்.

என் வேலை முறையைச் சொல்ல வேண்டும். படங்களைக் கணினியில் இறக்கியதும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஒரு குறிப்பு எழுதிவிடுவேன். என்ன, எங்கே, எப்போது, எந்தத் திசையிலிருந்து. படத்தின் மேல் அது தெரியாது. கோப்பின் விவரங்களைத் திறந்தால் தெரியும். பத்திரிகையில் இருந்தபோது ஒரு முறை நான் எடுத்த வேறொரு ஏரியின் படம் பனமரத்துப்பட்டி ஏரி என்று அச்சாகிவிட்டது. குறிப்பு எழுதாமல் அனுப்பியது நான். மறுநாள் திருத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகு குறிப்பில்லாத படம் எதுவும் என் கையிலிருந்து வெளியே போனதில்லை.

ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. படங்களை வெளியாட்களுக்கு அனுப்பும்போது குறிப்பு தானாக நீங்கும்படி வீட்டுக் கணினியில் அமைத்து வைத்திருந்தேன். மாசி மாதம் அதன் திரை போய்விட்டது. பயணத்துக்கு என்று ஒரு சிறிய லேப்டாப் உண்டு. எடை குறைவு, சார்ஜ் ஆறு மணி நேரம் நிற்கும், நிறம் கொஞ்சம் நீலமாகக் காட்டும். நீலத்துக்கு ஈடு செய்து படத்தைத் திருத்துவதிலேயே என் கவனமெல்லாம் போயிற்று. தாய் ஆந்தை தலையைத் திருப்பி நேராகப் பார்க்கும் படம். பின்னால் வெறும் பாறை; எந்த ஊர்ப் பாறையாகவும் இருக்கலாம். தெளிவு குறையக் கூடாது என்று முழுக் கோப்பாகவே அனுப்பினேன். சேலத்தில் எங்கள் படக்குழுவை நடத்தும் பல் மருத்துவர் நாட்காட்டிக்காகக் கேட்டிருந்தார். அவர் அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். போடாதே என்று நான் சொல்லியிருக்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது குழுவில் யாரோ எழுதியிருந்தார்: "கிழக்குச் சுவர்னா காலைல நிழல்தானுங்களே? இன்னிக்குச் சாயங்காலமே போனா லைட் கெடைக்குமுங்களா சார்?"

முதலில் பதிலை யோசித்தேன். கிழக்குச் சுவருக்கு மாலை வெயில்தான், சரியாகத்தான் கேட்கிறார் என்று. அதன் பிறகுதான் கை நின்றது. படத்தில் சுவர் இல்லை. கிழக்கு இல்லை. குறிப்பைத் தானாக நீக்கும் ஏற்பாடு இல்லாத அந்தச் சிறிய லேப்டாப்பைத் திறந்து, அனுப்பிய கோப்பின் விவரங்களைப் பார்த்தேன். ஊர், சாலை, கைவிடப்பட்ட கல்குழி, கிழக்குச் சுவர், தாயும் இரண்டு குஞ்சுகளும். பிழையில்லாமல், முற்றுப்புள்ளியோடு.

மருத்துவரைக் கூப்பிட்டேன். "ஐயோ, அழிச்சிடறேன்" என்றார். "ஆனா பாதிப் பேரு பாத்துட்டாங்க. எவன் எறக்கி வச்சிருக்கான்னு எப்படிய்யா சொல்றது?" கொஞ்சம் பொறுத்து, "எவனாவது ஆந்தை வீட்டுக்கு விலாசம் எழுதுவானாய்யா? பேப்பர்க்கார புத்தி!" என்றார். கேள்வி கேட்டவர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. யாரோ சேர்த்துவிட்ட எண். அந்த எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புள்ளி வைத்த எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆடு ஓட்டிப் போகும்போது அவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார் என்பது எனக்குத் தெரியும்.

சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது.

வனத்துறைக்குச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் இடத்தையும் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேர் ஆவார்கள். ஸ்கூட்டரை எடுத்தேன். பை தானாகவே தோளில் ஏறியது. துண்டில் சுற்றிய பெரிய லென்ஸ், கேமரா, இரண்டு பேட்டரி, கார்டுகள். ஏன் எடுத்து வந்தோம் என்று மல்லூர் தாண்டிய பிறகுதான் தோன்றியது. படம் எடுக்கும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் திரும்பி வைத்துவிட்டு வர நேரமும் இல்லை. பை கால்களுக்கு நடுவில் எட்டு கிலோவாக உட்கார்ந்திருந்தது.

நெடுஞ்சாலையில் பாடி கட்டாத லாரிகள் வரிசையாக நாமக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தன. வெறும் சட்டமும் இன்ஜினும், கூரை இல்லாத இருக்கையில் தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர்களும். எதையும் முந்த முடியவில்லை. என்னை முந்திய ஒவ்வொரு காருக்குள்ளும் பார்த்தேன். பின்சீட்டில் சாக்கு தெரிகிறதா, கேமரா முக்காலி தெரிகிறதா என்று. ஒரு காரில் முட்டை அட்டைகள் மட்டும் இருந்தன.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஆகவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் கேமரா பைகள். சாக்கு இல்லை என்று மூச்சு விட்டேன். குழிக்குள் கைதட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு இளைஞர்கள் உள்ளே இறங்கி, திட்டுக்கு நேர் கீழே முக்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் தட்ட, மற்றவர் எடுத்தார். தாய் திட்டில் இல்லை. தூரத்துக் கருவேலத்தில் காகங்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. தாய் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். குஞ்சு ஒன்று பாறையோடு ஒட்டிப் படுத்திருந்தது. இன்னொன்று பின்வாங்கிப் பின்வாங்கித் திட்டின் ஓரத்துக்கே வந்திருந்தது. கீழே உடைந்த கருங்கல்.

நான் சரிவில் இறங்கினேன். கைதட்டியவர் என் பையைப் பார்த்துச் சிரித்தார். "சார், நீங்கதானே அந்தப் போட்டோ? செம்ம சார். கேப்ஷன் இல்லைன்னா கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

"தட்டாதீங்க தம்பி. கிளம்புங்க. குஞ்சு விழுந்துடும்."

"ஒரே ஒரு ஷாட் சார். நீங்க எடுத்துட்டீங்க இல்ல?"

அப்போது பின்னால் ஆடுகளின் சத்தம் வந்தது. அந்தப் பெண்மணி சரிவின் பாதியில் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்தது மூன்று கேமராக்காரர்களை.

இளைஞர்களைப் பார்த்து, தணிந்த குரலில், "ஏனுங்க சாமி, அங்கிருந்து மெல்ல நவுந்து வாங்க. கைய ஆட்டாதீங்க. மேல பாருங்க" என்றார்.

திட்டுக்கு மேலே பாறை முன்தள்ளிய இடத்தில் முறத்தளவு கறுப்பாக ஒன்று தொங்கியது.

"மலைத்தேனி. சத்தங் கேட்டா எறங்கீருமுங்க. போன மாசம் என்ர கெடா ஒண்ணு மூஞ்சி வீங்கியே செத்துச்சு. தண்ணிக்குள்ள முங்குனாலும் மேலயே சுத்தும், வுடாது."

ஒருவர் முக்காலியை மடக்கவே இல்லை. விரித்தபடியே தூக்கிக்கொண்டு ஏறினார். என்னைக் கடக்கும்போது மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதையுங் கேப்ஷன்ல போட்டிருக்கலாமே சார்" என்றார்.

அந்தத் தேனடையை ஒரு மாதம் முன்பே நான் பெரிய லென்ஸில் பார்த்திருந்தேன். காலியானது. தேனீக்கள் எப்போதோ போய்விட்டன. மழையில் நனைந்து காய்ந்த வெறும் மெழுகு. யாராவது தவறான தகவல் சொன்னால் இடையில் புகுந்து திருத்துவது என் குணம். வாயைத் திறக்கவில்லை.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓரத்துக் குஞ்சு அசையாமல் இருந்தது.

"நீங்க சொன்னீங்களா?"

"சொல்லலீங்கம்மா. படத்துக்குள்ள எழுதியிருந்தேன். அது அவங்க கைக்குப் போயிடுச்சு."

"எழுதுனா சொன்ன மாதிரி இல்லீங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. அவரிடம் கேட்க எனக்கும் இருந்தது: அமாவாசை வரைக்கும் யார் பார்த்துக்கொள்வது, சாக்கோடு யாராவது வந்தால் என்ன செய்வீர்கள். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டினார்.

"நீங்களுங் கெளம்புங்க. ஆள் நிக்கற வரைக்கும் தாயி வராது."

மேலே ஏறி வந்து ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பைக்குள் இருந்த லென்ஸை எடுத்தால் குஞ்சு ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்ததா என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. வெறும் கண்ணுக்குச் சுவரும் நிழலும்தான் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் சிறிய லேப்டாப்பில் செய்ய வேண்டியதைச் செய்தேன். அந்தக் குழியில் எடுத்த எல்லாக் கோப்புகளிலும் இடம் என்ற பெட்டியைக் காலி செய்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் அப்படியே. வேலை முடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் போனைத் திரை மேலே தெரியும்படி பக்கத்தில் வைத்திருந்தேன். அமாவாசை வந்து போனது. வாரக் கடைசியில் வர வேண்டிய மிஸ்டு கால் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் நானே அடித்தேன். எடுத்துவிட்டார். பின்னால் ஆடுகள் கத்தின. வீட்டுப் பட்டியா, அந்தக் குழியோரமா என்று அந்தச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

"அம்மா, நான்தானுங்க, கேமராக்காரன். கோட்டான் குஞ்சு எப்படி இருக்குதுங்க?"

ஒரு ஆட்டை அதட்டிவிட்டு வந்தார்.

"எந்தக் கோட்டானுங்க?" என்றார். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "இந்தப் பக்கம் அப்படி ஒண்ணும் இல்லீங்களே சாமி."

"சரிங்கம்மா" என்றேன்.