பெயர் நாளில் பூட்டிய வீடு

கெர்கினா அக்கா டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பல்கேரிய ஊர்த் துறைமுகத்தில் இருபத்தேழு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவள். கீழே நின்று சரக்குக்குக் கொக்கி மாட்டி, மேலே அவளுக்குக் கை காட்டியது அவள் தம்பி கின்யோ. நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் இரும்புச் சுருள் சரிந்து அவனுடைய வலது பாதத்தை நசுக்கிவிட்டது. அவன் தப்பாகக் கை காட்டினான் என்று அக்கா விசாரணையில் சொன்னாள். குற்றம் அவன் பேரில் எழுதப்பட்டது; வேலையும் போயிற்று. அதன்பின் அவள் எத்தனையோ முறை போய்த் தட்டியும் அவன் கதவைத் திறக்கவில்லை.

மே ஆறு, புனித கெயோர்கி நாள். நாடு முழுக்க விடுமுறை. அந்தப் புனிதரை ஒட்டிப் பெயர் வைக்கப்பட்டவர்களுக்கெல்லாம் பெயர் நாள். யாரையும் அழைப்பதில்லை. ஆட்டுக்கறி சமைத்து, கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். வருவது பகையாளியே ஆனாலும் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். தம்பி வீட்டுக்குள் நுழைய அக்காவுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான். ஆனால் கெர்கினா, கின்யோ இரண்டுமே தாத்தா கெயோர்கியின் பெயரிலிருந்து வந்தவை. இருவருக்கும் ஒரே பெயர் நாள். அன்று வீட்டைப் பூட்டுகிறவளை ஊர் சும்மா விடாது.

இந்த வருடம், வியாழக்கிழமை வந்த அந்த நாளில், அவள் பூட்டினாள். துறைமுகத்தில் அவளோடு வேலை பார்க்கும் நான் கேக்கோடு அவள் வீட்டு மாடி ஏறியபோது சாவி அவள் கையில் இருந்தது.

"என்னக்கா, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"வாயக் கழுவு. கின்யோ வீட்டுக்குப் போறேன். தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன் மில்கா, நீயும் வா."

"வர்றவங்க பூட்டப் பாத்து என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்."

கின்யோ வீட்டுத் தொலைக்காட்சியில் அன்றைய ராணுவ தின அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பழைய துறைமுக ஆட்கள் மூன்று பேர் கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கின்யோ தடியை ஊன்றி எழுந்து எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். தட்டில் கறி வைத்தான். அக்கா முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"கிரேன்லேர்ந்து எறங்கி வர நாலு வருஷம் ஆச்சாம்மா?" என்றார் அவர்களில் போரில் என்ற மீசைக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

"அவன் சரியாத்தான் கை காட்டினான்" என்றாள் அக்கா. "நிறுத்துன்னு காட்டினான். நான் ஆத்துல போன படகப் பாத்துட்டு இருந்தேன். வேல போயிடும்னு பயந்து பழிய அவன் தலைல கட்டிட்டேன்."

மீசைக்காரர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

"இன்னைக்கு வந்தவங்கள வெளிய போன்னு சொல்ல முடியாது" என்றான் கின்யோ. "அது தெரிஞ்சுதானே வந்தே?"

"ஆமா."

"சாப்பிடு. ஆறிடும்."

அவள் இரண்டு வாய் தின்றாள். "நாளைக்கு வந்தா கதவத் தொறப்பியா?"

"இப்ப சொன்னத ஆபீசுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

"நாளைக்கும் லீவு, ஆபீசு திங்கக்கெழமதான்டா தொறக்கும்."

"நாலு வருஷம் வாய மூடிட்டு இருந்தவளுக்கு நாலு நாள் பெருசா?"

அக்கா ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். எழுதிக் கொடுத்தால் அதுவரைகூடக் கிரேன் அவள் கையில் இருக்காது. வெள்ளிக்கிழமை எழுதிய தாளைச் சனிக்கிழமை கிழித்தாள். ஞாயிறு மறுபடி எழுதினாள். என்னிடம் படித்துக் காட்டவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனபோது, அலுவலக வாசலில் அவள் கையில் தாளோடு எனக்கு முன்பே நின்றிருந்தாள்.

"எட்டு மணிக்குத்தானேக்கா தொறப்பாங்க?"

"தெரியும். வீட்ல இருந்தா இதையும் கிழிச்சுடுவேன்."